இடையில் ஒரு விளக்கு

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலைவேளை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். மகன் மின்னணுவியலில் பொறியியல் பட்டம் பெற்றவர். அக்குடும்பத்தின் முதல் பட்டதாரி. தந்தை தச்சுவேலை செய்பவர். மகனின் படிப்புக்காக வங்கியில் வாங்கிய கடன் இன்னும் அடைந்தபாடில்லை. தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

"இனி அங்கே போகமாட்டேன் என்கிறான், சாமி. நீங்களாவது சொல்லுங்கள்" என்று தாய் கண்கலங்கினார்.

நடந்தது இதுதான். சோதித்துப் பார்க்கும்படி தரப்பட்ட ஒரு மின்சுற்றுப் பலகைக்கு மின்சாரம் கொடுக்கையில், அவர் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்துவிட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் பலகை கருகிற்று. மேற்பார்வையாளர் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். "நான்கு ஆண்டுகள் என்னதான் படித்தாய்?" என்ற அந்த ஒரு கேள்வி பிள்ளையின் நெஞ்சில் தைத்துவிட்டது.

"கல்லூரியில் ஒரு கருவியை ஐந்தாறு பேர் சுற்றி நின்று பார்ப்போம், சாமி. தொடுகிறவன் ஒருவன்தான். இங்கே வந்தபின்பும் யாரும் அருகில் இருந்து காட்டவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று நானும் கேட்கவில்லை" என்றார் அவர்.

இந்தச் சொற்களைக் கேட்டபோது நமக்கு மற்றோர் இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவரும் ஏறத்தாழ இதே குறையோடு நம்மிடம் வந்திருந்தார். நாம் ஆறுதல் கூறினோம், பொறுமையாயிருக்கச் சொன்னோம், முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினோம். அவர் வேலைக்குத் திரும்பவில்லை. இன்று சென்னையில் வாடகை வண்டி ஓட்டுகிறார். அது நேர்மையான தொழில். அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அவர் விரும்பிக் கற்ற கல்வி வீணாயிற்று. கடன் மட்டும் நிற்கிறது. அவருக்கு அன்று வேண்டியிருந்தது நம் ஆறுதல் அன்று. தொழில் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் அமர்ந்து, "இதோ பார், இதை இப்படிச் செய்" என்று காட்டியிருக்க வேண்டும். அதை நாம் அன்று உணரவில்லை. அதே தவற்றை இரண்டாம் முறையும் செய்ய நமக்கு மனமில்லை.

நம் பங்கில் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீட்டின் பின்கட்டில் பழைய ரேடியோக்களும் கம்பிச் சுருள்களும் நிறைந்த ஒரு மேசை அவருக்கு உண்டு. அன்றே பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம்.

பெரியவர் கதையைக் கேட்டார். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கவில்லை. "எந்தப் பாகம் முதலில் கருகியது, தம்பி?" என்று கேட்டார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். நான்கு மாதங்களில் அவரை ஒரு பொறியாளராக மதித்துக் கேட்கப்பட்ட முதற்கேள்வி அதுவாக இருந்திருக்கலாம்!

பின்னர் பெரியவர் சுவரிலிருந்த ஒரு பலகையைக் காட்டினார். அதில் சாதாரண மின்விளக்கு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ரேடியோ பழுதுபார்ப்போர் பலரிடமும் இருக்கும் 'சீரிஸ் விளக்கு' அது. பழுதான கருவியை மின்சாரத்தில் நேரே மாட்டாமல் இவ்விளக்கின் வழியாக மாட்டுவார்கள். கருவியினுள் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டிருந்தால் விளக்கு பளீரென எரியும், மின்சாரத்தின் வேகத்தைத் தான் தாங்கிக்கொள்ளும், கருவி கருகாது. கருவி நன்றாயிருந்தால் விளக்கு மங்கியே இருக்கும்.

"புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கும் இப்படி இடையில் ஒரு விளக்கு வேண்டும், சாமி. எனக்கு ஒருவர் அப்படி இருந்தார்" என்றார் பெரியவர்.

அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பள்ளத்தாக்கின் தொடக்கம்

மின்னணுத் தொழில் என்றவுடன் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சிலிக்கன் பள்ளத்தாக்கு நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. அங்கே பெரும் நிறுவனங்களும் பெருஞ்செல்வமும் இருப்பதை அறிவார்கள். அது ஓர் ஆசிரியரின் அக்கறையிலிருந்து பெரிதும் கிளைத்தது என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் பெயர் பிரெடரிக் டெர்மன். 1900-இல் பிறந்தவர். 1924-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியப்பணி காத்திருந்தது. விடுமுறைக்குக் கலிபோர்னியாவிலுள்ள பெற்றோர் வீட்டுக்கு வந்தவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார். கிழக்கே திரும்பிச் செல்ல இயலாமல், அருகிலிருந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அவருடைய ஆய்வுக்கூடம் ஒரு மேன்மாடத்தில் இருந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகும். நீரைப் பிடிக்கப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். ஹ்யூலெட் என்ற குறும்புக்கார மாணவர் அப்பெட்டிகளில் தங்கமீன்களை விட்டு வளர்த்தாராம்! வசதி இவ்வளவுதான். ஆனால் மாணவர்களைக் கூர்ந்து நோக்கும் கண் ஆசிரியருக்கு இருந்தது.

டேவிட் பாக்கார்ட் என்ற மாணவர் வானொலி ஆர்வலர்களின் அறையில் பொழுதைப் போக்குவார். ஒருநாள் டெர்மன் அவரைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார். பாக்கார்ட் என்னென்ன பாடங்கள் படித்தார், மதிப்பெண் எவ்வளவு, விளையாட்டில் எப்படி என்பதையெல்லாம் அவர் முன்னதாகவே விசாரித்து வைத்திருந்தார். பேச்சின் முடிவில், முதுநிலை மாணவர்களுக்கான தம் வானொலிப் பொறியியல் வகுப்பில் இளநிலை மாணவரான பாக்கார்டையும் வந்து அமரச் சொன்னார். ஒரு மாணவனைத் தேடிச்சென்று அறிந்துகொண்ட ஆசிரியரை அம்மாணவன் எங்ஙனம் மறப்பான்?

வில்லியம் ஹ்யூலெட்டுக்கோ படிப்பதிலேயே இடர்ப்பாடு இருந்தது. எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பது அவருக்குக் கடினம். அக்காலத்தில் அக்குறைக்குப் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. காதால் கேட்டு மனத்தில் பதித்தே கற்றார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவர் அவர்.

டெர்மன் தம் மாணவர்களை வகுப்பறையோடு நிறுத்தவில்லை. அக்கம்பக்கத்திலிருந்த வால்வுத் தொழிற்கூடங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அழைத்துச் சென்றார். அந்தத் தொழில்களைத் தொடங்கியவர்களிற் பலர் மிகுந்த கல்வி கற்றவர்களல்லர் என்பதையும், முறையாகக் கற்றவர்கள் இன்னும் எவ்வளவோ செய்யலாம் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

ஹ்யூலெட்டும் பாக்கார்டும் 1934-இல் பட்டம் பெற்றனர். பாக்கார்ட் கிழக்குக் கரையில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டெர்மன் அவரை மறந்துவிடவில்லை. 1938-இல் ஆண்டுக்கு 500 டாலர் உதவித்தொகைக்கு வழிசெய்து, அவரை மீண்டும் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார். நண்பர்கள் இருவரும் பாலோ ஆல்டோ நகரில் அடிசன் சாலையிலிருந்த ஒரு வீட்டின் வண்டிக்கொட்டகையில் பட்டறை போட்டனர். கையிருப்பு 538 டாலர். 1939-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கூட்டுநிறுவனம் பிறந்தது. எவர் பெயர் முதலில் வருவது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தனர்.

அவர்களுடைய முதற்பொருள், ஒலி அதிர்வுகளை உண்டாக்கும் ஒரு சோதனைக் கருவி. அதன் உயிர்நிலை எது தெரியுமா? ஒரு சிறு மின்விளக்கு! இத்தகைய கருவியில் எழும் அலை கட்டுமீறிப் பெருகிச் சிதையலாம். அல்லது ஒடுங்கி அணைந்துவிடலாம். ஹ்யூலெட் சுற்றின் நடுவே ஒரு சிறு விளக்கை வைத்தார். அலை பெருகினால் விளக்கின் இழை சூடேறி, அதன் தடை மிகுந்து, அலை அடங்கும். அலை சிறுத்தால் இழை குளிர்ந்து வழிவிடும். கட்டுப்படுத்தவும் வேண்டும், அணைத்துவிடவும் கூடாது. இளையோரை நடத்துவோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எங்கே கிடைக்கும்!

அக்கருவியை வாங்கக்கூடிய ஏறத்தாழ 25 பேரின் பட்டியலையும் டெர்மனே கொடுத்தார். அவர்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக ஆணைகள் வந்தன. விலையை 54 டாலர் 40 சென்ட் என்று வைத்த இளைஞர்கள், அது அடக்கவிலைக்கே போதாது என்பதைப் பின்னரே கண்டனர். ஆசான் இருந்தாலும் சில தவறுகளைத் தாமே செய்துதான் கற்கவேண்டும்! அதன் மாற்றுவடிவம் ஒன்றில் எட்டுக் கருவிகளை வால்ட் டிஸ்னி நிறுவனம் 1940-இல் வெளிவந்த தன் 'ஃபாண்டேசியா' திரைப்படத்துக்காக வாங்கியது.

எழுதிக் கொடுத்தால் போதுமா?

பாக்கார்ட் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பணியாற்றியபோது நிகழ்ந்த ஒன்றும் சிந்திக்கத்தக்கது. அங்கே செய்யப்பட்ட ஒருவகை வால்வுகள் அடுத்தடுத்துச் சோதனையில் தோல்வியுற்றன. பாக்கார்ட் மேசையை விட்டுத் தொழிலாளர் நடுவே சென்றார். ஒவ்வொரு படியிலும் அவர்களுடன் நின்றார். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த செய்முறைக் குறிப்புகள் பல இடங்களில் போதாதவை என்று கண்டார். குறைகளைக் கூடிநின்று களைந்தார். அடுத்த தொகுதியில் ஒரு வால்வுகூடத் தோற்கவில்லை.

"குறிப்பேடு கொடுத்துவிட்டோமே, படித்துத் தெரிந்துகொள்ளட்டும்" என்று புதியவர்களிடம் கூறும் மூத்தோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். சால்டரிங் செய்கையில் ஈயம் எப்போது பளபளத்துப் பரவுகிறது என்பதை எழுத்தால் எவ்வளவுதான் விளக்குவது? அதைக் கண்ணால் காணவேண்டும். தானே செய்து கெடுத்து, மீண்டும் செய்யவேண்டும்.

தவறியவனைத் தாங்கிய கை

இன்று நம் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் உள்ள 'சிப்' எனப்படும் ஒருங்கிணைந்த சுற்றை உருவாக்கியவர்களுள் ஒருவர் ராபர்ட் நாய்ஸ். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு போதகரின் மகன். 1948-இல் கிரின்னெல் கல்லூரியில் பயிலும்போது, விடுதி விருந்துக்காக நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு பண்ணையிலிருந்து பன்றிக்குட்டியைத் திருடிவிட்டார். மறுநாள் மனம் வருந்தி, உரியவரிடம் தாமே சென்று ஒப்புக்கொண்டார். ஆனால் வேளாண்மை நாடான அயோவாவில் கால்நடைத் திருட்டு பெருங்குற்றம். சிறையும் நேரலாம், கல்லூரி வாழ்வு முடிந்துபோகலாம்.

அப்போது அவருக்காகப் பேசியவர்களுள் ஒருவர் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல். கல்லூரித் தலைவரும் துணைநின்றார். தண்டனை இல்லாமலில்லை; ஒரு பருவம் முழுவதும் நாய்ஸ் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் கதவு மூடப்படவில்லை. அவர் திரும்பி வந்தது 1949-இன் தொடக்கத்தில். டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஓராண்டே கடந்திருந்தது. அதனைக் கண்டவர்களுள் ஒருவரான ஜான் பர்தீனை அறிந்திருந்த கேல், பல பெரிய கல்லூரிகளுக்கும் முன்னதாக அப்புதுமையைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். நாய்ஸின் வாழ்வு திசைகண்டது. 1959-இல் அவர் ஒருங்கிணைந்த சுற்றுக்கு வழிகண்டார். 1968-இல் கோர்டன் மூருடன் சேர்ந்து இண்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அன்று கேல், "ஒழுக்கமற்றவன், தொலையட்டும்" என்று கைகழுவியிருந்தால்? குற்றத்தை மூடிமறைப்பது அன்பன்று. குற்றம் செய்தவனைத் தள்ளிவிடுவதும் அன்பன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பவரே ஆசான்.

கடன் தீர்க்கும் முறை

டெர்மன் தந்ததை ஹ்யூலெட்டும் பாக்கார்டும் எவ்வாறு திருப்பித் தந்தனர்? தம் ஆசிரியரின் பெயரால் 1977-இல் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் எழ உதவினர். அக்கட்டடம் இன்று இல்லை, பின்னாளில் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் வேறொரு திருப்பிக்கொடுத்தல் நிலைத்து நின்றது.

1960-களின் பிற்பகுதி. பெரிய நிறுவனமொன்றின் தலைவராகிவிட்ட ஹ்யூலெட்டின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் ஏறத்தாழ பன்னிரண்டு வயதுச் சிறுவன். தொலைபேசிப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்து அழைத்திருந்தான். அதிர்வெண்ணை அளக்கும் கருவி ஒன்றைச் செய்கிறேன், உதிரிபாகங்கள் கிடைக்குமா என்று கேட்டான். ஹ்யூலெட் சிரித்தார், தொலைபேசியை வைத்துவிடவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினார். பாகங்களை அளித்ததோடு, கோடை விடுமுறையில் தொழிற்சாலையில் வேலையும் தந்தார். வேலை என்ன? திருகாணி முடுக்குவது! சிறுவனுக்கோ அது சொர்க்கமாகத் தோன்றிற்று. அவன்தான் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ். அதே நிறுவனத்தின் உணவுக்கூடத்தில் மாலைகளில் பள்ளி மாணவர்களைக் கூட்டிப் பொறியாளர்கள் தம் வேலையைப் பற்றிப் பேசுவதும் உண்டு. அங்கும் அவர் போய் அமர்ந்ததுண்டு. வளர்ந்தபின் அவருக்கு அறிவுரை கூறியவர்களுள் ராபர்ட் நாய்ஸும் ஒருவர். ஆசானிடம் பெற்ற கடன், ஆசானிடமே சென்று தீர்வதில்லை; அடுத்து வருகிறவனிடம்தான் தீர்கிறது.

நம் வீடுகளுக்கு வருவோம்

மூத்தோருக்கு முதலில் ஒரு சொல். நீங்கள் தொலைபேசியிலோ, மின்வாரியத்திலோ, ரேடியோ கடையிலோ, தொழிற்சாலையிலோ பணியாற்றியவராயின், உங்களிடம் புத்தகங்களில் இல்லாத செல்வம் இருக்கிறது. மாதம் இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். இளையவர் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். அவரைச் செய்யவிட்டு அருகில் இருங்கள். எதையும் சந்தேகிக்குமுன் மின்சாரம் சரியாக வருகிறதா, முனைகள் மாறவில்லையா என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள். நீண்ட சுற்றில் பழுதைத் தேடும்போது நடுவிலே சோதித்து, எந்தப் பாதியில் குறை என்று கண்டு, அப்பாதியை மீண்டும் பாதியாக்கும் முறையைக் காட்டுங்கள். தேதியிட்டு, "எதிர்பார்த்தது இது, கண்டது இது" என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடமே.

இளையோரே, கேட்கக் கூசாதீர்கள். "இது வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறினால் எவரும் உதவ இயலாது. என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். ஆயத்தமாக வருகிறவனுக்கு நேரம் தர எவரும் தயங்கார். தொழிற்பழகுநர் சட்டம் நம் நாட்டில் 1961-இல் வந்தது. 1973-இல் திருத்தப்பட்டு, பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ பெற்றோருக்கும் வழிதிறந்தது. அவ்வாறு பழகச் செல்லுமிடத்தில், "சான்றிதழ் தருவீர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், "நான் யாரிடம் கற்பேன்?" என்றும் பணிவாகக் கேளுங்கள்.

பெற்றோரே, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்குகிறான்?" என்ற கேள்வியை முதல் ஆண்டில் கேட்காதிருங்கள். "இந்த வாரம் என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் இவ்வழிகாட்டுதல் வேண்டும். இன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் எத்தனையோ பெண்கள் உழைக்கின்றனர். பலர் இருக்குமிடத்தில், குடும்பத்தார் அறிய அவர்களும் கற்கட்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர் வழிகாட்டியல்லர். அவரிடமிருந்து விலகியிருங்கள்.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவேண்டுமே. மறுவாரமே அவர் வேலைக்குத் திரும்பினார். மேற்பார்வையாளரிடம் சென்று, "பலகை கருகிய காரணத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இனி இணைக்குமுன் இந்த மூன்றையும் சரிபார்ப்பேன்" என்று ஒரு தாளைக் கொடுத்தாராம். அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசைக்குள் வைத்துக்கொண்டார். சில நாட்கள் கழித்து அடுத்த பலகையைக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

முதற்சம்பள உயர்வு வந்தபோது, பெரியவருக்கு ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுசென்றார் பிள்ளை. பெரியவர் வாங்கிக்கொண்டார். "கற்றுக்கொடுத்ததற்கு இது ஈடல்ல, தம்பி. சனிக்கிழமை மாலை வந்து உட்கார். பள்ளிப் பிள்ளைகள் இரண்டுபேர் வருகிறார்கள், என் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை" என்றார்.

நாமும் நம் கடனை நினைத்துச் சென்னைக்குச் சென்றபோது அந்த மற்றோர் இளைஞரைத் தேடிக் கண்டோம். அன்று தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டோம். அவர் நம்மைக் குறைகூறவில்லை. சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "என் தம்பி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறான், சாமி. அவனை அந்தப் பெரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அந்தப் பின்கட்டு மேசையில் மூன்று பிள்ளைகள் அமர்கின்றனர்.